அண்ணனிடம் கேட்டு வாங்கிய ரிவால்வர்

அண்ணனுடைய கை இடுப்புக்குப் போகும் ஓசை எனக்கு இன்னும் கேட்கிறது. இடது கை சட்டை ஓரத்தை மேலே இழுக்கும், வலது கை உள்ளே நுழையும், துணி உறை லேசாக உரசும். அவ்வளவுதான். குண்டு போடாத ரிவால்வரை வைத்துக்கொண்டு விடிந்ததும் மாட்டுச்சாளையில் ஐம்பது தடவையாவது இதைச் செய்வார். பால் கறக்க வரும் ஆள் ஒருநாள் கேட்டான்: "ஏனுங்க, கொசு அடிக்கறீங்களா?" அண்ணன் திரும்பாமலே சொன்னார்: "ஆமாப்பா. கொடுவாளோட வர்ற கொசு."

அன்னூருக்குக் கிழக்கே எங்கள் தோட்டம். கிணறு எங்களுக்கும் பெரியப்பா மகனுக்கும் பொது. பைக்காரா அணையிலிருந்து கரண்ட் வந்ததும் அண்ணன் கிணற்றில் மோட்டார் வைத்தார். தண்ணீர் அடிமட்டத்துக்குப் போனது; மாடு கட்டி இறைத்த பெரியப்பா மகனுக்குச் சேறுதான் கிடைத்தது. அவர் கோர்ட்டுக்குப் போய்த் தோற்றார். தீர்ப்பு வந்த வாரத்தில் எங்கள் காளைகள் இரண்டும் பின்னங்கால் நரம்பு அறுபட்டுக் கட்டுத்தறியில் கிடந்தன. அடுத்தது நீதான் என்று ஆள்விட்டும் சொன்னார்கள். அதன்பிறகுதான் அண்ணன் கலெக்டருக்கு எழுதி லைசென்ஸ் வாங்கினார்.

துப்பாக்கி கைக்கு வந்ததும் தைரியம் வந்துவிடும் என்று நான் நினைத்தேன். வந்தது கவனம்தான். பட்டாளத்திலிருந்து திரும்பிய சுபேதார் ஒருவரிடம் போய்ச் சில மாதம் கற்றுக்கொண்டார். பாறைக்குழியில் சுண்ணாம்பு பூசிய பானைகளை வைத்துச் சுடுவார். நின்றபடி, மண்டியிட்டபடி, வண்டியில் உட்கார்ந்தபடி. குறி சேரும்வரை விரல் விசையைத் தொடாது. சந்து திரும்பும்போது சுவரை ஒட்டாமல் அகலமாகத் திரும்புவார். சந்தைக் கூட்டத்தில் அவரைப் பார்க்கும் ஒருவருக்கும் இடுப்பில் அது இருப்பது தெரியாது. ஒருமுறை என்னிடம் சொன்னார்: "சுடறது சுளுவு, அம்மணி. ஆளுக்குப் பின்னால ஆரு நிக்கறாங்கன்னு பாக்கோணும். அதுதான் கஷ்டம்." நான் கோயமுத்தூரில் பெண்கள் பள்ளியில் பாடம் சொல்பவள். வெளியே போகிற குண்டு நிற்கும் இடம் வரை பொறுப்பு என்று அவர் சொன்னதை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

என் மகளுக்கு மூன்று வயதானபோது காதுகுத்து வைத்தோம். எங்கள் பக்கத்தில் மாமன் மடியில் உட்கார்த்தித்தான் காது குத்துவார்கள். குலதெய்வக் கோயிலில் வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் நான். வழியெல்லாம் அண்ணன் முன்னும் பின்னும் பார்த்தபடியே வந்தார். கோயில் வாசலில் சட்டையைக் கழற்றித் துண்டை இடுப்பில் கட்டினார். துண்டுக்கடியில் ரிவால்வர் புடைத்துத் தெரிந்தது. குழந்தை அதன்மேல்தான் உட்காரப் போகிறாள்.

"அண்ணா, அத எடுத்துப் போடுங்க. புள்ள துள்ளுவா. பட்டுச்சுன்னா என்னாகறது?"

"ஒண்ணும் ஆகாது, அம்மணி."

"எனக்குப் பயமா இருக்குதுங்கண்ணா."

அவர் கோயில் வாசலை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு எடுத்து என் கையில் வைத்தார். குண்டுகள் உள்ளேயே இருந்தன. சீர்த்தட்டில் இருந்த புதுச்சேலைக்கு அடியில் வைத்துத் தட்டை என் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். ஒரு வருஷம் அவர் கைக்குப் பழக்கியதை ஒரே பேச்சில் அவிழ்த்துவிட்டேன்.

ஆசாரி வலது காதைக் குத்தினார். குழந்தை வீரிட்டாள். அண்ணன் சர்க்கரைக்கட்டியை அவள் வாயில் வைத்து, "முடிஞ்சுபோச்சு கண்ணு, இன்னொண்ணுதான்" என்றார். அப்போது பட்டுத்துண்டு போட்ட இரண்டு பேர் விருந்தாளிகளைப்போல உள்ளே வந்தார்கள். ஒருவன் கும்பிட்டான். "ஏனுங்க, நாங்க வர்றதுக்கு முந்தியே ஆரம்பிச்சுப்போட்டீங்களா?" அதே குரலில், அதே மரியாதையோடு, முதுகுப்பக்கமிருந்து கொடுவாளை உருவினான்.

அண்ணனின் இரண்டு கைகளும் முதலில் குழந்தையைத்தான் தள்ளின. அவள் உருண்டு அவர்கள் காலிடுக்கில் புகுந்து பின்பக்கம் போய்விட்டாள். முதல் வெட்டு இடது முழங்கைக்குக் கீழே விழுந்தது, எலும்பு தெரிந்தது. அவருடைய வலது கை இடுப்புக்குப் போனது. அங்கே ஒன்றுமில்லை. அந்தக் கை துண்டைத் தடவித் தேடியதை நான் பார்த்தேன். கொடுத்ததை அவர் மறந்துவிடவில்லை, கை பழக்கப்படிதான் போனது.

சேலையை விலக்கித் துப்பாக்கியை எடுத்தேன். அவர் பிடிப்பதைப் பார்த்திருந்ததால் இரண்டு கையாலும் பிடித்தேன். நாலடி தூரத்தில் அவர்கள். அவர்களுக்குப் பின்னால் என் மகள், ஒரு காதில் ரத்தம் வழிய, வாயைத் திறந்தபடி நின்றாள். அண்ணன் என் கையைப் பார்த்தார். "வேண்டாம் அம்மணி. புள்ள." அவ்வளவுதான் சொன்னார். அடுத்த வெட்டு கழுத்தில் விழுந்தது. ஆசாரி குனிந்து ஓடிக் குழந்தையை வாரிக்கொண்ட பிறகுதான் சுட்டேன். ஒரு குண்டு வேப்பமரத்தில் பட்டது. மற்றது ஒருவனுடைய தொடையைக் கிழித்தது. அவன் விழுந்தான், மற்றவன் ஓடினான். அண்ணனின் வாயில் நான் தண்ணீர் விட்டபோது அது கழுத்து வழியாக வெளியே வந்தது.

கோர்ட்டில் வக்கீல் கேட்டார்: ஆயுதம் ஏன் அவரிடம் இல்லை? நான் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். வெட்டிய இருவருக்கும் தண்டனை கிடைத்தது. துப்பாக்கி சர்க்காருக்குப் போய்விட்டது. தற்காப்புக்கு ஆயுதம் நல்லதா கெட்டதா என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. எனக்குத் தெரியாது. நான் அதற்குப் பயந்த அளவுக்கு அந்த மனிதர்களுக்குப் பயப்படவில்லை. அது மட்டும் தெரியும்.

ஆறு வருஷமாக என் மகள் ஒற்றைக் காதில் தோடு போட்டிருந்தாள். மறு காதைப் பற்றி வீட்டில் ஒருவரும் பேசியதில்லை. போன மாதம் அவளே கேட்டாள். "எல்லாரும் சிரிக்கறாங்கம்மா." சூலூரிலிருந்து வந்திருந்த என் நாத்தனார், "மாமன் மடி இல்லாம எப்படிங்க?" என்றாள். நான் பாயை விரித்து உட்கார்ந்து மகளை மடியில் இழுத்துக்கொண்டேன். ஒன்பது வயதுப் பெண், கால்கள் பாயைத் தாண்டி நீண்டன. ஆசாரி கதவைச் சாத்தட்டுமா என்று கேட்டார். சாத்தச் சொன்னேன். ஊசி உள்ளே போனபோது அவள் முனகினாள்.

"வலிக்குதா கண்ணு?"

"ஊசி வலிக்கலீங்கம்மா. உங்க கைதான் வலிக்குது. கொஞ்சம் விடுங்க."