எது கேட்டாலும் 'யெஸ்'

வெளியாட்கள் எழுதிக் கொடுத்த கம்ப்யூட்டர் ஸ்கிரிப்ட் ஒன்று எங்கள் விமான் நகர் ஆபீசில் தினமும் ஓடுகிறது. நடுநடுவே "தொடரவா?" என்று கேட்டு நின்றுவிடும்.

அந்தத் தொல்லைக்காகப் பக்கத்து சீட் கார்த்தி, எது கேட்டாலும் தானாக 'யெஸ்' போகும்படி ஒரு வரி சேர்த்திருந்தான்.

இன்று ஸ்கிரிப்டின் புது வெர்ஷன் வந்தது. திரையில் இதுவரை பார்க்காத கேள்வி: "பழைய பேக்கப்புகளை அழிக்கவா?"

கீழேயே, 'யெஸ்'.

"நிறுத்துடா" என்றேன். நிறுத்தினான்.

"பாதியில் நிற்கிறது. தொடரவா?" என்றது ஸ்கிரிப்ட்.

கீபோர்டைத் தொடுவதற்குள் 'யெஸ்' விழுந்தது. அழியும் கோப்புகளின் பெயர்கள் மறுபடி ஓட ஆரம்பித்தன.

பின்னால் வந்து நின்ற மேனேஜர், "ஸப் டீக் ஹை நா?" என்று, எல்லாம் சரிதானே என இந்தியில் விசாரித்தார்.

கார்த்தி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "யெஸ் சார்" என்றான்.

இவனை நிறுத்த என்ன கமாண்ட் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.