காற்றில்லாமல் ஆடிய தொட்டி

நந்திதுர்க் தங்கச் சுரங்கத்து பங்களா ஒன்றில் நான் வேலை பார்த்த காலம் அது. அங்கிருந்த வெள்ளைக்கார துரைசானிக்கு ஆர்க்கிட் செடி என்றால் உயிர். ஒரு நாள் காலை நாங்கள் இருவரும் ஒரு செடியைத் தொட்டி மாற்றினோம். அழுகிய வேர்களை நறுக்கிவிட்டு, புதுத் தொட்டியில் அடுப்புக்கரியும் ஓட்டுச்சில்லும் போட்டுச் செடியை நிறுத்தி, வராந்தாவில் கம்பியில் தொங்கவிட்டோம்.

"இப்ப தண்ணி வேணாம். ஆடவும் கூடாது. ஆடினா வேர் பிடிக்காது" என்றார் துரைசானி, தமக்குத் தெரிந்த தமிழில்.

கொஞ்ச நேரத்தில் தொட்டி தானாக ஆடத் தொடங்கியது. வாசல் மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. பாய்ந்து போய் இரண்டு கையாலும் பிடித்தேன். காலடியில் தரை அதிர்ந்தது.

"என்ன ஆச்சு?"

"சுரங்கத்துல பாறை வெடிச்சிருக்கும்மா. எங்க வூட்டுக்காரர் ஷிப்டுல கீறாரு."

தொட்டியைத் தம் கையில் வாங்கிக்கொண்டு, "நீ போ" என்றார்.

சுரங்க வாசலுக்கு ஓடினேன். ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் மேலே வரும்போதெல்லாம் அதிலிருந்து இறங்கிய முகங்களில் என் கணவரைத் தேடினேன். கடைசியில், உடம்பெல்லாம் தூசியோடு அவர் இறங்கினார்.

அழுகையும் சிரிப்புமாக பங்களாவுக்கு ஓடிவந்தேன். தரை எப்போதோ அடங்கிவிட்டது. துரைசானி இன்னும் தொட்டியைப் பிடித்தபடியே நின்றிருந்தார்.

"வந்துட்டாரும்மா!"

"துரை?" என்று கேட்டார்.

துரையும் அன்று கீழே இறங்கியிருந்தார். காலையில் அவருக்கு பூட்ஸ் எடுத்துக் கொடுத்தவளே நான்தான். ஆனால் அவ்வளவு நேரமும் அவர் முகத்தை நான் தேடவே இல்லை. துரைசானியும் ஒரு ஷிப்டுக்காரரின் மனைவி என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

நானும் போய் அந்தத் தொட்டியைப் பிடித்துக்கொண்டேன்.