ஒரு நெத்திலிக்கான பந்தல்

மீமிசல் கரையில் என் மனைவி கருவாடு காயப்போடுகிறாள். மழை வந்தால் மணலில் பரப்பிய நெத்திலி நனைந்து புழுத்துவிடும். எங்கள் மகள் ஒன்பதாவது படிக்கும் பள்ளியில் டிசைன் திங்கிங் என்று ஒரு வகுப்பு. ஒருவருடைய கஷ்டத்தைக் கேட்டு, அதற்குத் தீர்வாக ஒரு சின்ன மாதிரிப் பொருள் செய்து, அவரிடமே கொடுத்துச் சோதிக்க வேண்டுமாம். மகள் அம்மாவின் கருவாட்டை எடுத்துக்கொண்டாள்.

செய்முறை நாளில் பெற்றோரையும் அழைத்தார்கள். ஐந்தாவதோடு நின்ற நான் கடைசி பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்தேன். மகள் செய்திருந்தது ஈர்க்குச்சியில் கால் வைத்த ஒரு தட்டு, அதன் மேல் பால் கவரில் கூரை, எல்லாம் உள்ளங்கை அளவுதான். டீச்சர் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். சொட்டுகூட இறங்கவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள்.

"எப்பப்பா பெருசாக் கட்டுவோம்?" என்று வீடு திரும்பும் வழியெல்லாம் மகள் கேட்டாள்.

கரை எங்கள் இடமில்லை. முன்பு ஒரு தரம் கம்பு ஊன்றியபோது, படகு இழுக்க இடைஞ்சல் என்று படகுக்காரர்கள் பிடுங்கிப் போட்டார்கள்.

"பாப்போம்" என்றேன்.

மறுநாள் பள்ளி விடுமுறை. என் மனைவி அந்தத் தட்டில் ஒரே ஒரு நெத்திலியை வைத்தாள். மத்தியானம் மழை அடித்தது. தார்ப்பாயை இழுத்து மூடுவதற்குள் மணலில் கிடந்ததெல்லாம் ஊறிவிட்டது. தட்டில் இருந்தது மட்டும் காய்ந்திருந்தது.

"ஏண்டி, இந்த ஒன்ன வச்சுக் கொழம்பு வைக்கவா?"

"நீ என்ன சொன்னேன்னு டீச்சர் கேப்பாங்கம்மா."

"நல்லா இருக்குன்னு சொல்லு."

மகள் என்னைப் பார்த்தாள். நான் ஈர நெத்திலியைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தேன். எப்போது கட்டுவோம் என்று அதன்பிறகு அவள் கேட்கவில்லை.