ஆட்டுக்கு அடுப்பு இல்லை

இன்று காலை பக்கத்து விளையில் மரச்சீனி, அதாவது மரவள்ளி, பிடுங்கினார்கள். கிழங்கையும் கம்பையும் கொண்டுபோய்விட்டு இலையை மட்டும் எங்கள் வேலியோரம் குவித்துவைத்திருந்தார்கள். வெயில் ஏற ஏற அந்தப் பச்சை வாசனை அடுக்களைக்குள் நுழைந்தது. என் அண்ணன் மனைவி, மதினி, உள்ளேயிருந்து அலறினாள்: “ஆட்டப் பிடிச்சுக் கெட்டு மக்கா! அந்த எலயத் தின்னா செத்துப்போவும் ஆக்கும்!”

நான் ஓடிப்போய் ஆட்டைக் கட்டினேன். ஆனால் என் நாக்கில் எச்சில் ஊறியது. சொன்னால் நம்பமாட்டீர்கள்.

மரச்சீனி இலை விஷம் என்பது எங்கள் ஊரான பாறசாலைப் பக்கத்தில் பேசப் பழகும் முன்பே தெரிந்துவிடுகிற சங்கதி. எனக்கு அது கண்ணால் கண்டது. சின்ன வயதில் நான் வளர்த்த ஆடு, லில்லி என்று பேர், அடுத்த விளையில் புகுந்து அந்த இலையைத் தின்றுவிட்டு வந்து என் காலடியிலேயே வாயில் நுரை தள்ளிச் செத்தது. அதற்கப்புறம் கிழங்கை மட்டும் நன்றாகத் தின்றேன். நம் பாசம் அவ்வளவுதான்.

இந்தப் பயத்தையும் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டுதான் தான்சானியாவுக்குப் போனேன். படிப்பு முடிந்த கையோடு, தென்கோடிக் கிராமம் ஒன்றில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் தன்னார்வ வேலை. அம்மாவுக்குத் துளியும் சம்மதமில்லை. “செங்கல்ல ஸ்கூல் இல்லியா, பூவார்ல இல்லியா?” என்று பக்கத்து ஊர்களையெல்லாம் சொல்லிக் கேட்டுக்கேட்டு ஓய்ந்துபோனாள். அனுப்பிய அமைப்புக்காரர்களும் ஒன்று சொல்லியிருந்தார்கள்: தங்கவைக்கும் குடும்பம் முதல் வாரத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், திரும்பிப் போய்விட வேண்டியதுதான்.

வண்டியிலிருந்து இறங்கினால் முந்திரி காய்க்கும் கொல்லாமரம், தென்னை, சிவந்த மண். என்னை ஏமாற்றி எங்கள் ஊர்ப் பக்கத்து வெள்ளறடையில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்களோ என்று நினைத்தேன். தங்கிய வீட்டுக்காரி பெயர் மாமா நீமா. அங்கே மாமா என்றால் அம்மா. மூத்த மகள் நீமாவின் அம்மா. என்னைவிட இரண்டொரு வயதுதான் கூடுதல், ஆனால் சிரிப்பில் என்னைவிடச் சின்னவள். கணவர் நான் போன பள்ளியிலேயே வாத்தியார், ஆங்கிலம் தெரிந்தவர். இதை ஃபோனில் அம்மாவுக்கு விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

“நீ எந்த மாமனுக்க வீட்டுல கெடக்கே?”

“மாமன் இல்லம்மா. மாமான்னா இங்க அம்மையாக்கும்.”

“அப்ப நான் ஆராக்கும்?”

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

அந்த வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே தட்டுதான். பெரிய எனாமல் தட்டில் களியைக் கொட்டி, நடுவில் கறியை ஊற்றி, சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவோம். அவரவர் பக்கத்திலிருந்து மட்டும்தான் எடுக்க வேண்டும். அடுத்தவர் பக்கம் கை நீண்டால் நீமா தட்டிவிடுவாள். வந்த நாள்முதல் தேங்காய்ப்பால் விட்ட ஒரு பச்சைக் கறி இருந்தது. முருங்கைக்கீரை மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்து வழித்து வழித்துத் தின்றேன்.

ஒரு சாயங்காலம் பள்ளி விட்டு வருகிறேன், மாமா நீமா முற்றத்தில் மர உரலில் ஏதோ இடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் முறம் நிறைய விரல் விரித்த இலை, சிவந்த காம்பு. எனக்கு அந்த இலையைத் தெரியாதா? லில்லியின் வாய் நுரை கண்ணுக்கு முன்னால் வந்தது. “என்டம்மோ! தின்னாதீங்கோ!” என்று கத்திக்கொண்டு ஓடி, உரலை அப்படியே கவிழ்த்தேன். வெகுநேரம் இடித்த இலை மொத்தமும் மண்ணில் கிடந்தது. அப்புறம்தான் இத்தனை நாள் நானும் அதையே தின்றிருக்கிறேன் என்பது உறைத்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாகத் தயாராகக் கீழே உட்கார்ந்துவிட்டேன்.

நான் சாகவில்லை. மாமா நீமா மண்ணில் கிடந்ததையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்தில் சிரிப்பே இல்லை. வந்து ஒரு வாரம்கூட ஆகாதவள் நான், அவள் சோற்றை அவள் முற்றத்திலேயே கொட்டியிருக்கிறேன். போச்சு, நாளைக்கே பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன். நாலே நாளில் அந்த வீடு எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. அழுதுவிட்டேன். வாத்தியார் வந்ததும் ஆடு செத்த கதையைத் திக்கித்திக்கிச் சொன்னேன். அவர் அவளுக்கு எடுத்துச் சொன்னார். அவள் யோசித்துவிட்டு ஏதோ சொன்னாள்.

“ஆட்டுக்கு அடுப்பு இல்லையே என்கிறாள்” என்றார் அவர்.

பிறகு அவள் சிரித்த சிரிப்பில் அண்டை வீட்டார் எட்டிப்பார்த்தார்கள். இடித்து, வெகுநேரம் கொதிக்கவிட்டால் விஷம் போய்விடுமாம். புது இலை பறித்துவந்து உலக்கையை என் கையில் கொடுத்தாள். உள்ளங்கை கொப்பளிக்க இடித்தேன். அன்றைக்குத் தட்டில் என் பக்கத்தில் கறி கொஞ்சம் கூடுதலாகவே விழுந்தது.

பதிலுக்கு நான் கிழங்கை வேகவைத்து, காந்தாரி மிளகு என்கிற ஊசிமிளகாயும் சின்ன உள்ளியும் நசுக்கித் தேங்காய் எண்ணெய் விட்டுக் கொடுத்தேன். அந்தச் சம்மந்தித் துவையலுக்கு நீமா வைத்த பெயர் ‘பாறசாலா’. நான் கிளம்பும்வரை வாரத்துக்கொருமுறை பாறசாலா கேட்டார்கள்.

திரும்பி வந்தபின் சில வருடம் பேசிக்கொண்டிருந்தோம். வாத்தியாருக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிறது என்றார்கள். அப்புறம் அந்த எண்ணில் யாரோ ஒரு ஆண் எடுத்தார். நான் ‘மாமா நீமா’ என்றேன். இல்லை என்று தன்மையாகச் சொல்லி வைத்துவிட்டார். பிறகும் இரண்டு தடவை கூப்பிட்டேன், அதே மனுஷர்தான். அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று இப்போது எனக்குத் தெரியாது.

இன்று மத்தியானம் வேலியோரக் குவியலில் இளம் இலையாகப் பொறுக்கி, கழுவி, இடித்து, கொதிக்கவிட்டுத் தேங்காய்ப்பால் சேர்த்தேன். மதினி தொடவில்லை. ஆனாலும் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“தின்னப் போறியா மதினி?”

“போ பிள்ளே! நீ செத்தா ஒன் அண்ணங்கிட்ட சொல்ல ஆளு வேண்டாமா?”

வீட்டிலிருந்ததிலேயே பெரிய தட்டை எடுத்துப் பரிமாறிக்கொண்டேன். ருசி கிட்டத்தட்ட வந்துவிட்டது. சாப்பிட்டு எழுந்தபோதுதான் பார்த்தேன், என் பக்கத்தை மட்டும் துடைத்தாற்போலத் தின்றிருக்கிறேன். மற்ற பக்கமெல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது.