ப்ரொப்பெல்லர் சுற்றாத படம்

அதுதானே, நீங்களும் அதையே கேட்கிறீர்கள், "படம் எடிட் பண்ணினதா?" என்று. இல்லை. மெமரி கார்டைப் போட்டு நானே பார்த்தேன். ஸப்ரான் பொய் சொல்கிற ஆளும் இல்லை. நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

எங்கள் வட்ஸ்அப் குழுவில் சின்ன விமானம், பழைய விமானம் எது கண்ணில் பட்டாலும் படம் பிடித்துப் போட்டுச் சண்டை பிடிப்பதுதான் வேலை. அதில் எங்களுக்கெல்லாம் அண்ணன் முறையான நளீம் நானா ஒரு படி மேல். இரட்டைச் சிறகுப் பழைய விமானம் ஒன்றை வெளிநாட்டிலிருந்து துண்டு துண்டாக இறக்கி, தானே பூட்டி, மாம்புரி ஊருக்குப் பின்னால் ஒரு தென்னந்தோட்டத்து ஷெட்டில் வைத்திருக்கிறார். விமானத்துக்குக் கூரை கிடையாது. இரண்டே இரண்டு இருக்கை, பின்னால் அவர், முன்னால் ஏறுகிறவர். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து, மனம் வந்தால், எங்களில் ஒருவரை ஏற்றிக்கொண்டு கடலோர உப்புநீர்க் களப்புக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றுவார். யார் ஏறுவது என்று சீட்டுக் குலுக்குவோம். தோற்றவர்களில் ஒருவர் களப்புக் கரையில் நின்று, ஏறினவரைப் படம் பிடித்துக் கொடுக்க வேண்டும். அது எங்கள் வழக்கம்.

அந்த முறை சீட்டு உடப்பு ஊர் நிரோஜனுக்கு விழுந்தது. கரையில் நிற்கிற வேலை அவனுடைய உயிர்க் கூட்டாளி ஸப்ரானுக்கு.

புதன்கிழமை பின்னேரம், வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்க்க ஸப்ரான் தனியாகக் கரைக்குப் போனான். நல்ல வெயில். காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. அப்போது வடக்கே ஒரு சத்தம்.

டப்... டப்டப்... டப்...

நளீம் நானாவின் என்ஜின். சத்தத்திலேயே அவனுக்குத் தெரியும். இன்றைக்கு ஏன் பறக்கிறார் என்று யோசிக்க நேரமில்லை. கெமராவைத் தூக்கினான்.

சத்தம் நின்றுபோனது.

விமானம் வந்தது. தண்ணீரை உரசுகிற மாதிரிப் பதிந்து வந்தது. சிறகுக் கம்பிகளில் காற்று கிழிபடும் சீழ்க்கை மட்டும்... உய்ய்ய்... அதோடு சேர்த்துக் கெமராவைத் திருப்பியபடியே அழுத்தினான். தென்னைகளுக்கு அப்பால் மறைந்தது. விழுந்த சத்தம் வரவில்லை. எந்தச் சத்தமும் வரவில்லை.

உடனே நளீம் நானாவுக்குப் போன் எடுத்தான்.

"நானா, ஒண்டும் ஆகல்லயே? எங்க எறங்கின?"

"எங்க எறங்க? நான் ஷெட்லடா. ப்ரொப்பெல்லரக் கழட்டிப் பொலிஷ் போட்டுட்டு இரிக்கேன். ஏன்?"

ஸப்ரான் நேரே நிரோஜன் வீட்டுக்குப் போனான்.

படத்தை நிரோஜனிடம் காட்டினான். அவன் சிரித்தான்.

"ப்ரொப்பெல்லர் கல்லு மாதிரி நிக்குது. ஷட்டர வேகமா வச்சு அடிச்சிட்டாய். நேத்துக் கெமரா வாங்கினவன் செய்யிற வேலை. போன மாசத்துப் படத்தக் காட்டி என்னப் பேய்க்காட்டி ஏமாத்துறியா?"

ஷட்டரை வேகமாக வைத்தால் சுற்றுகிற ப்ரொப்பெல்லரும் நிற்பதுபோல் விழும். அதனால் நாங்கள் மெதுவாகத்தான் வைப்போம். அப்போதுதான் அது வட்டமாக, புகைபோலத் தெரியும்.

"பின்னால காத்தாலயப் பாரு மச்சான்," என்றான் ஸப்ரான்.

காற்றாலைகள் கோடு கோடாக இழுபட்டிருந்தன. ஷட்டர் மெதுவாகத்தான் இருந்திருக்கிறது. அப்படியென்றால் ப்ரொப்பெல்லர் உண்மையிலேயே சுற்றவில்லை.

பறக்கிற விமானத்தில்.

நிரோஜன் படத்தைப் பெரிதாக்கினான். பின்னிருக்கையில் நளீம் நானா குனிந்து எதையோ இழுத்துக்கொண்டிருந்தார். முன்னிருக்கையில் இன்னொருவர். முகத்தை மறைத்து ஒரு கெமரா, நேரே கரையைப் பார்த்தபடி. மஞ்சள் மழை ஜக்கெட். தோளில் கறுப்பு ஒட்டு.

அந்த ஜக்கெட் நிரோஜனுடையது.

"போகாதடா," என்றான் ஸப்ரான்.

"சீட்டு உனக்கு விழயில்ல எண்டு எரிச்சல். சும்மா இரு."

படம் குழுவுக்கும் வந்தது. எல்லோரும் ஜக்கெட்டைப் பற்றியே கதைத்தோம். நளீம் நானா ப்ரொப்பெல்லரைப் பூட்டி, என்ஜினை ஓடவிட்டுப் பார்த்து, "குதிர மாதிரி இரிக்கி," என்று ஒரு வரி போட்டார். அதற்குமேல் என்ன செய்வது?

வியாழக்கிழமை ஸப்ரான் நிரோஜன் வீட்டுக் கொடியிலிருந்து அந்த ஜக்கெட்டை எடுத்தான். கல்லைக் கட்டிக் களப்பில் எறிந்தான். ஜக்கெட் இல்லாவிட்டால் அந்தப் படத்தில் உள்ளது நடக்காதே.

வெள்ளிக்கிழமை நிரோஜன் வெறும் சட்டையோடு ஏறினான். ப்ரொப்பெல்லர் புகைவட்டமாய்ச் சுற்றியது. கரைக்கு மேலே கைகாட்டிப் போனான். நல்லபடியாக இறங்கினான். சட்டை முழுக்க என்ஜின் எண்ணெய், வாய் முழுக்கச் சிரிப்பு.

இறங்கிவிட்டான் என்று போன் வந்ததும் கரையில் நின்ற ஸப்ரான் துள்ளிக் குதித்தான். கெமரா நழுவிக் கல்லில் விழுந்தது. லென்ஸின் வாயில் மாட்டுகிற பிளாஸ்டிக் ஹூட் மட்டும் வெடித்தது. நீல டேப் சுற்றி ஒட்டினான். ஜக்கெட் விஷயத்தையும் நிரோஜனிடம் சொல்லிவிட்டான்.

"விசரா," என்று நிரோஜன் சிரித்தான். அதோடு முடிந்தது என்றுதான் நாங்களும் நினைத்தோம்.

சில நாள் கழித்து, மீன்பிடிக்கப் போனவர்களின் வலையில் அந்த ஜக்கெட் வந்தது. கொலரில் எழுதியிருந்த நம்பருக்குப் போன் எடுத்து, நிரோஜனிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். நிரோஜன் துவைத்து, காயவைத்து, ஸப்ரானிடமே கொண்டுவந்தான்.

"இந்தமுறை சீட்டு உனக்குத்தானே விழுந்திருக்கு. எண்ணெய் தெறிக்கும். போட்டுக்கொண்டு போ."

அவன் போன பிறகு ஸப்ரான் அந்தப் படத்தைத் திரும்பவும் திறந்தான். மெல்ல மெல்லப் பெரிதாக்கினான். ஜக்கெட்டை எல்லோரும் பார்த்தோம். அந்த ஆள் பிடித்திருந்த கெமராவை ஒருவரும் பார்க்கவில்லை.

ஹூட்டில் நீல டேப்.

படம் எடுத்த அன்று ஸப்ரானின் ஹூட் உடையவே இல்லை...

நளீம் நானாவிடம் ஓடிப்போய், பறக்கவேண்டாம் என்றான். "பயமெண்டா நீ ஏறாத," என்றார் அவர். "நீ இல்லாட்டியும் பிளேன் போகும்."

திரும்பி வரும்போது குழுவில் அஸ்மியாவின் குரல்பதிவு வந்திருந்தது. எங்களில் சின்னவள். ஒருமுறையாவது பறக்க வேண்டும் என்று எத்தனை நாளாகக் கேட்கிறாள்.

"ஸப்ரான் நானா, நீங்க போகல்லண்டா அந்த சீட்ட எனக்குத் தாங்களேன். ஜக்கெட்டும் கெமராவும் தந்தா நல்லம். எனக்கிட்ட ரெண்டும் இல்ல."

முகம் தெரியவில்லை என்று சொன்னேனே...

கெமராவை உடைத்துக் களப்பில் போடப்போகிறேன் என்கிறான் ஸப்ரான். ஜக்கெட்டையும் அப்படித்தான் போட்டான்.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. அவன் அவளுக்கு இன்னும் பதில் போடவில்லை.

உங்களுக்கு என்ன தோன்றுகிறது... அந்த முன்னிருக்கையில் இருப்பது யார்?