மல்வேர்னிலிருந்து அஜக்ஸுக்கு, ஒரே முதலாளியின் விசாவில்

திங்கட்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு மல்வேர்னில் பஸ் ஏறினேன். கட்டணம் மூன்று கனேடிய டொலர் முப்பது சதம். அட்டையைத் தட்டினால் போதும். சாரதியிடம் எதுவும் பேசத் தேவையில்லை. என்னைப் போலக் கூச்சமுள்ளவர்களுக்கு நல்ல ஏற்பாடு. ஆனால் அன்று அஜக்ஸில் இறங்கியதும் நான் பேசியே ஆகவேண்டும்.

யாழ்ப்பாணத்தில் நான் வேலை செய்யும் மிளகாய்த்தூள் கம்பனி, தூளைப் பைகளில் நிரப்பி ஒட்டும் புது இயந்திரம் ஒன்றை வாங்குகிறது. அதை இயக்கப் பழகுவதற்காக, அதே இயந்திரம் ஓடும் அஜக்ஸிலுள்ள ஒரு கம்பனி என்னைப் பொறுப்பேற்று ஆறு மாத விசாவில் எடுத்திருக்கிறது. வேலை அனுமதியில் அந்த ஒரு முதலாளியின் பெயர் மட்டுமே உண்டு. வேறெங்கும் வேலை செய்யக்கூடாது.

நான் தங்கியிருப்பது மன்னாரைச் சேர்ந்த றெஜினா அக்கா வீட்டில். மல்வேர்னிலேயே அவருக்குச் சாப்பாட்டுக்கடை. சனிக்கிழமை அங்கே சாப்பிடப் போனேன். கோயிலில் முதல்நன்மை எடுக்கும் பிள்ளைகளின் விருந்துகளுக்கு ரோல்ஸ் ஓடர்கள் குவிந்திருந்தன. அக்கா வியர்த்து நிற்க, நான் கதிரையில் இருந்து எப்படிச் சாப்பிடுவது? ஏப்ரனைக் கட்டிக்கொண்டு பெட்டி மடிக்கத் தொடங்கினேன். மத்தியானம் தாண்டியும் கவுண்டரில் நின்றேன். அப்போது வரிசையில் வந்தவர் நஸீர் அண்ணை. அஜக்ஸில் எனக்கு வேலை பழக்கும் சூப்பர்வைசர்.

“நீங்களோ?” என்றார். பெட்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அக்காவின் மகள் நிரோஷாதான் விளங்கப்படுத்தினாள். “அன்ரி, காசு வாங்காட்டியும் அது வேர்க்தான். யூ கான்ற் ஜஸ்ற் ஹெல்ப். கம்பனி உங்களைத் திருப்பி அனுப்பலாம்.”

“ஒரு பெட்டி மடிக்க வராது, சட்டம் மட்டும் வாய் நிறைய” என்றார் அக்கா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையிலும் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை.

பல்கலைக்கழகத்தடியில் பஸ் மாறினேன். இரண்டு மணித்தியாலத்துக்குள் மாறினால் அஜக்ஸ் பக்கம் போகும் டூறம் பஸ்ஸுக்குத் தனிக்காசு இல்லை. றூஜ் ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது இரு பக்கமும் மரங்கள் அப்போதுதான் துளிர்த்திருந்தன. பக்கத்தில் இருந்தவர் ஒஷாவாவில் வேலை செய்பவர்.

“புதுசோ, தங்கச்சி?”

“ஓம்.”

“நானும் பதினெட்டு வருசமாப் புதுசுதான். வேலைக்கு ஆள் அனுப்புற ஒவ்வொரு ஏஜென்சியும் அப்பிடித்தான் சொல்லிப் புது ஆளின்ர சம்பளம் போடுறான்.”

அவர் தானே சிரித்தார். நான் நஸீர் அண்ணையிடம் சொல்லவேண்டியதை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டு, அடுத்த தரிப்பிடத்திலிருந்து திரும்பி நடந்தேன். கொத்தமல்லி வறுக்கும் வாசம் தெரு முனையிலேயே வந்துவிட்டது.

நஸீர் அண்ணை கோப்பியோடு வாசலில் நின்றார்.

“அண்ணை, சனிக்கிழமை...”

“அங்க வேலையோ?”

“இல்லை. நான் இருக்கிற வீட்டு அக்கான்ர கடை. அவ தனிய நிண்டு கஷ்டப்பட, பாத்துக்கொண்டு இருக்க ஏலேல்லை.”

“சம்பளம்?”

“ஒண்டுமில்லை. ரெண்டு ரோல்ஸ்.”

“இதை இமிக்கிரேஷன்காரனுக்குச் சொல்லிப் பாருங்கோ!” என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “உங்களுக்கு முந்தி எடுத்த ரெண்டு பேரும் மெஷினைப் பழகின கையோட வேற இடத்துக்குப் போயிட்டினம். முதலாளி இனி ஒருத்தரும் வேண்டாம் எண்டவர். நான்தான் கதைச்சு உங்களை எடுப்பிச்சனான். உங்களை அங்க கண்டோடன நீங்களும் போகப்போறியள் எண்டு நினைச்சன். வீட்ட போய் அந்த ரோல்ஸும் இறங்கேல்லை.”

“முதலாளிக்குச் சொல்லிட்டியளோ?”

“இன்னும் இல்லை. ஆனா இன்னொருக்கா அந்தக் கவுண்டருக்கு அங்கால கண்டா, சொல்லத்தான் வேணும். போய் மெஷினைப் போடுங்கோ.”

மாலை நாலரைக்கு அஜக்ஸ் தரிப்பிடத்திலிருந்து அக்காவுக்குப் போன் எடுத்தேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை. “அக்கா, வாற சனி கடையில உதவிக்கு நிக்கமாட்டன்.”

“நான் உன்னைக் கூலிக்கோ கூப்பிட்டனான்?”

“இல்லையக்கா. சும்மா செய்யிறதும் பிழையாம்.”

அவர் போனை வைக்காமலே கடையில் யாருக்கோ மிச்சக்காசு எண்ணிக் கொடுப்பது கேட்டது. ஊரில் கம்பனி வாசலைத் தாண்டினால் என் கைகள் என்னுடையவை. யார் வீட்டு விசேஷத்திலும் வெங்காயம் உரிக்கலாம், ஒருவரும் கேட்கமாட்டார்கள். இங்கே ஒரு முதலாளி அழைத்ததால் வந்திருக்கிறேன். வேலை முடிந்த பிறகும் கைகளை அவருக்காகவே கட்டி வைத்திருக்கவேண்டும்.

“புட்டு அவிக்கட்டோ?” என்றார் அக்கா கடைசியில்.

“ஓமக்கா.”

தேங்காய் நான் துருவித் தரட்டோ என்று கேட்க வாய்வரை வந்தது. வீட்டுக்குள் அது வேலையா, இல்லையா? பஸ் வந்து நின்றது. கேட்காமலே ஏறினேன்.