பிரெண்டா கயிறு கட்டிய இடம்

பிரெண்டாவோடு வேலைக்குப் போவதென்றால் முதல் நாளே போய்த் தொலைய வேண்டும். நாளைக்குக் கல்யாணம் என்றால் இன்றைக்கே மண்டபத்தைச் சுற்றி நடப்பாள். ட்ரோன் எங்கிருந்து கிளம்பும், எங்கே இறங்கும், அந்த இடம் யாருடையது, யாரிடம் கேட்க வேண்டும்? இதெல்லாம் தீராமல் பெட்டியைத் திறக்கவே மாட்டாள். நானோ போட்டோகிராபர். கேமராவைத் தூக்கினோமா, எடுத்தோமா என்று இருக்கிற ஆள். இவள் என் பொறுமையைச் சோதித்த அளவுக்கு என் மாமியார்கூடச் சோதித்ததில்லை.

அவள் பிறந்து வளர்ந்தது பிரிக்பீல்ட்ஸ். அப்பா பெயர் இருதயம், ரயில்வேயில் சிக்னல் பார்த்தவர். "தண்டவாளம் காலியா இருந்தாத்தான் ட்ரெயின் உள்ள வரும், குகன். எங்க வீட்ல சோத்தோட சேத்து ஊட்டுனது அது" என்று என்னிடம் சொல்வாள். பள்ளி முடித்ததும் துறைமுகத்துப் பக்கம் ஒரு லோரி கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்தாள். அது சலித்துப்போய் ட்ரோன் ஓட்டக் கற்றுக்கொண்டு வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்குப் போய்விட்டு அதே சட்டையோடு வந்து மாப்பிள்ளை ஊர்வலத்தை மேலிருந்து எடுப்பாள். கிள்ளானில் பாதிக் குடும்பங்களின் கல்யாண வீடியோவில் அவள் கைவேலை இருக்கிறது. அது அவளுக்கும் நன்றாகத் தெரியும்.

"பொதுத் திடல்தானே, எல்லாரும் நடக்குற இடம்தானே" என்று யாராவது ஆரம்பித்தால் போதும், அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "நடக்கத்தான் லா அது பொது. அங்க போயி கடை போடுங்க பாப்போம், விடுவாங்களா? வானத்துக்கு ஒரு ஆபீஸ், தரைக்கு ஒரு ஆபீஸ். ரெண்டு பேரும் சரின்னு சொன்னாத்தான் நான் ட்ரோன் இறக்குற மேட்டையே விரிப்பேன்." சொன்னபடி இரண்டு ஆபீஸுக்கும் அலைவாள். நான் வெளியே காரில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடிப்பேன்.

போன வருஷம் பண்டமாரானில் ஒரு முருகன் கோவிலின் கும்பாபிஷேகத்துக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். கோவில் தலைவர் நாகப்பன், கிள்ளானில் பரம்பரை இரும்புக் கடைக்காரர். குடத்துத் தண்ணீரைக் கோபுரத்தில் ஊற்றும் நேரத்துக்கு வானத்தில் கருடன் வட்டமிட வேண்டும், அப்போதுதான் நம் ஜனத்துக்கு மனம் நிறையும். பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய கும்பாபிஷேகத்தில் கருடன் வரவில்லை. அப்போதும் இவர்தான் தலைவர். யாரும் இவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் மனிதர் தானே எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். "என் கையால செஞ்சது சாமிக்குப் பிடிக்கல தம்பி" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். இந்த முறை கருடன் வந்தாக வேண்டும். அவருக்கு வேறு எதுவும் வேண்டாம்.

கோவிலை ஒட்டி ஒரு திடல். அதன் மூலையில் ஓர் இடத்துக்கு மட்டும் பிரெண்டா அனுமதி வாங்கி, நான்கு கம்பு நட்டுக் கயிறு கட்டினாள். நாகப்பனுக்கு அது பிடிக்கவில்லை.

"கோவில் வாசல்லேர்ந்தே விடேம்மா. நம்ம கோவில்தானே, யாரு கேக்கப்போறா?"

"வாசல் முழுக்க ஜனம் நிக்கும் அங்கிள். கோவில் உங்க கோவில்தான், தலை அவங்க தலை. மேல ஓட்ட மாட்டேன்."

அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டார்.

கும்பாபிஷேகத்தன்று திடலில் எள் போட்டால் எள் விழாது. ட்ரோன் மூலையிலிருந்து எழும்பி, ஆளில்லாத பெரிய வாய்க்கால் பக்கமாக நின்று கோபுரத்தைப் பார்த்தது. பிரெண்டாவின் கண் அதன்மேல் இருந்தது. அந்த நேரம் பார்த்து நாகப்பனின் குரல் மைக்கில் முழங்கியது. "பக்தகோடிகளே, செருப்ப வழியில விடாதீங்க. திடல்ல கயிறு கட்டுன எடத்துல விடுங்க!"

ட்ரோன்தான் மேலே போய்விட்டதே, கீழே இடம் சும்மா கிடப்பானேன் என்பது அவர் கணக்கு. நான் தொண்டை கிழியக் கத்தினேன். யார் கேட்டார்கள்? கோவில் கூட்டத்துக்குச் செருப்பு விட ஓர் இடம் கிடைத்தால் கேட்கவா வேண்டும்! பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிரெண்டாவின் மேட் செருப்புக்கடை ஆகிவிட்டது.

குருக்கள்மார் குடங்களோடு கோபுரத்தில் ஏறி நின்றார்கள். துறைமுகத்துப் பக்கமிருந்து ஒரு கருடன் வந்தது. கூட்டம் ஓவென்றது. பறவை கிட்டே வந்து, ட்ரோன் சத்தத்தில் மிரண்டு விலகிப் போனது. மறுபடி வந்தது, மறுபடி விலகியது. நாகப்பன் மைக்கைப் போட்டுவிட்டு எங்களிடம் ஓடிவந்தார்.

"இறக்கும்மா! பயந்து போவுது பாரு, இறக்கு!"

"எங்க இறக்க அங்கிள்? பின்னால பாருங்க."

பார்த்தார். தன் அறிவிப்பின் லட்சணம் அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. "எங்கயாச்சும் இறக்கேன்! அந்தப் பக்கம் இறக்கு!"

"அந்தப் பக்கம் பிள்ளைங்க நிக்குதுங்க. இங்கதான் இறக்குவேன். செருப்ப எடுங்க." அவள் குரல் கொஞ்சமும் உயரவில்லை. கண்ணும் வானத்தை விட்டு இறங்கவில்லை.

நாகப்பன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றுக்குள் இறங்கினார். கோவில் தலைவர், நெற்றி நிறைய விபூதியும் சந்தனமும், ஊரார் செருப்பை வாரி வாரி வெளியே எறிகிறார். நான் கேமராவை முதுகில் தள்ளிவிட்டு ஓடினேன். ஜப்பான் சிலிப்பர், குதிகால் வைத்தது, குழந்தைச் செருப்பு என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் வீசினோம். எங்களைப் பார்த்துச் சிரித்தவர்களும் இருந்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் அவர்கள் மேலேயே நாலு செருப்பை எறிந்திருப்பேன்.

"போதும். வெளிய வாங்க அங்கிள்."

கடைசியாக வாரிய செருப்புகளை அணைத்துக்கொண்டு அவர் கயிற்றைத் தாண்டினார். அவள் ட்ரோனை நிதானமாக இறக்கினாள். விசிறிகள் நின்றன. நாதஸ்வரமும் மேளமும் மட்டும் கேட்டன.

பிறகு ஒரே அலறல். கருடன் கோபுரத்துக்கு நேர் மேலே வந்து விரித்த சிறகோடு வட்டமிட்டது. அதே நேரம் கோபுரத்தில் தண்ணீர் விழுந்தது. திடலில் இருந்த அத்தனை கைகளும் தலைக்கு மேலே போயின. மேலிருந்து அதை எடுக்க எங்கள் ட்ரோன் இல்லை. அந்த வீடியோவில் அந்த நிமிஷம் கிடையாது. அதற்காக நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.

நாகப்பன் அண்ணாந்து நின்றார். "வந்துட்டாரும்மா... வந்துட்டாரு..." கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. கும்பிடக் கை தவித்தது. இரண்டு கையிலும் செருப்பு இருந்தது. கீழே போட வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

பிரெண்டா ரிமோட்டைத் தரையில் வைத்துவிட்டு அவருக்கு முன்னால் வந்து இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"குடுங்க அங்கிள், நான் வச்சிக்கிறேன். நீங்க கும்பிடுங்க."